மருத்துவக் கஞ்சா: எந்த நோயாளிக்கு அனுமதி, எந்த ஆதாரத்தின் பேரில்?

மருத்துவக் கஞ்சாவை அனுமதித்திருக்கும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், நோயாளி ஒருவர் அதை வாங்க வேண்டுமானால், மாநிலச் சட்டம் வகுத்திருக்கும் ‘தகுதி பெறும் நோய்கள்’ பட்டியலில் அவருடைய நோய் இடம்பெற்றிருக்க வேண்டும். புற்றுநோய், எய்ட்ஸ், வலிப்பு, கண் அழுத்த நோயான குளுக்கோமா, நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ், நாட்பட்ட வலி, பார்க்கின்சன் நோய், கிரோன் எனப்படும் குடல் அழற்சி நோய், போர் அல்லது வன்முறைக்குப் பிந்தைய மன அதிர்ச்சி எனப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் கூடியும் குறைந்தும் வரும். அரசே வெளியிடும் பட்டியல் என்பதால், இந்த நோய்களுக்கெல்லாம் கஞ்சா பலன் தரும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் படிப்பவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் இந்தப் பட்டியல்களைப் பெரும்பாலும் எழுதியவர்கள் வாக்காளர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும்தான். கஞ்சா வைத்திருந்ததற்காக எந்த நோயாளியைக் கைது செய்யக் கூடாது என்பதைத்தான் அவர்கள் முதன்மையாகத் தீர்மானித்தார்கள். எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை நோய்க்கு நோய் பெரிதும் மாறுபடுகிறது.

இப்படியொரு பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, 1970ஆம் ஆண்டின் கூட்டரசுச் (அமெரிக்க மத்திய அரசின்) சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சட்டம், ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் ஏதும் இல்லாத பொருள்களுக்கான முதல் அட்டவணையில், ஹெராயினோடு சேர்த்துக் கஞ்சாவையும் வைத்தது. முதல் அட்டவணையில் உள்ள ஒன்றை எந்த மருத்துவரும் மருந்துச்சீட்டில் எழுத முடியாது. எந்த மருந்துக் கடையும் விற்க முடியாது. ஆகவே, மாநிலங்கள் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தன. மருத்துவர் மருந்து எழுதித் தருவதில்லை. ‘இவருக்குப் பட்டியலில் உள்ள இந்த நோய் இருக்கிறது’ என்று சான்று மட்டும் தருகிறார். அந்தச் சான்றைக் காட்டி நோயாளி மாநில அரசிடம் அடையாள அட்டை பெறுகிறார். அட்டையைக் காட்டி, உரிமம் பெற்ற விற்பனைக் கூடத்தில் வாங்குகிறார். இவ்வாறு பரிந்துரைத்ததற்காக மருத்துவரின் உரிமத்தைக் கூட்டரசு பறிக்க முடியாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப் போனவை எவை என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான மருந்துச்சீட்டில் மருந்தின் பெயர், அளவு, வேளை, எத்தனை நாள் என்பவை இருக்கும். சான்றில் பெரும்பாலும் இவற்றுள் எதுவுமே இருப்பதில்லை. எந்த வகையை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைப் பல நேரங்களில் கூடத்தின் ஊழியரும் நோயாளியும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

பட்டியலில் குளுக்கோமா இடம்பிடித்த கதை இவற்றுள் மிகப் பழையது. கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைவது இந்த நோய். கஞ்சா புகைத்தவர்களின் கண் அழுத்தம் குறைவதை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1971இல் பதிவு செய்தார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த ராபர்ட் ராண்டால் என்ற இளம் ஆசிரியர், வழக்கமான மருந்துகளால் அழுத்தம் கட்டுப்படாமல் பார்வையை இழந்துகொண்டிருந்தவர், தம் வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்ததற்காகக் கைதானார். பார்வையைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லை என்று அவர் வாதாட, 1976இல் நீதிமன்றம் அதை ஏற்று அவரை விடுவித்தது. அதன் பிறகு கூட்டரசே அவருக்குக் கஞ்சா வழங்கத் தொடங்கியது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அரசுத் தோட்டத்தில் விளைந்த செடியைச் சிகரெட்டாகச் சுருட்டித் தகர டப்பாக்களில் அடைத்து அனுப்பினார்கள். கஞ்சாவுக்கு மருத்துவப் பயனே கிடையாது என்று சட்டத்தில் எழுதி வைத்த அதே அரசு, 1978 முதல் ஒரு சில நோயாளிகளுக்கு இந்த டப்பாக்களை முறையாக வழங்கிவந்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும், 1992இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது.

ராண்டாலின் போராட்டத்தால் குளுக்கோமா பின்னர் வந்த பட்டியல்கள் பெரும்பாலானவற்றில் ஏறிவிட்டது. ஆனால், மருத்துவம் அதற்குள் வேறு திசையில் போய்விட்டது. கஞ்சாவால் கண் அழுத்தம் குறைவது உண்மைதான். அந்தக் குறைவு மூன்று, நான்கு மணி நேரம்தான் நீடிக்கிறது. குளுக்கோமாவிலோ அழுத்தத்தை இரவு பகல் எந்நேரமும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் நோயாளி ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு முறை, தூக்கத்தின் நடுவிலும் எழுந்து, கஞ்சா எடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் அவரால் வண்டி ஓட்டவோ வேலை பார்க்கவோ இயலாது. போதாக்குறைக்கு, கஞ்சா இரத்த அழுத்தத்தையும் குறைப்பதால், ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையக் கூடும். இரவில் ஒரு முறை விட்டாலே போதுமான சொட்டு மருந்துகள் இன்று இருக்கின்றன. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி குளுக்கோமாவுக்குக் கஞ்சாவைப் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் பல மாநிலப் பட்டியல்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. ஒரு நோயைப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனுப்போடுபவர்கள் உண்டு. நீக்கக் கோரிப் போராட யார் வரப்போகிறார்கள்?

முதல் மாநிலப் பட்டியல் கலிஃபோர்னியாவில் 1996 நவம்பரில் வந்தது. 215ஆம் முன்மொழிவு என்ற அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். அதன் பின்னால் இருந்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் எய்ட்ஸ் பேரவலம். மருந்து இல்லாத காலத்தில், பசியற்று, உண்டதும் வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாகிப்போன இளைஞர்கள், கஞ்சா எடுத்தால் ஒரு வேளையாவது சாப்பிட முடிகிறது என்றார்கள். மேரி ஜேன் ராத்பன் என்ற மூதாட்டி கஞ்சா சேர்த்த பிரவுனி கேக்குகளை வீட்டில் சுட்டு, நகரப் பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார். பல முறை கைதும் ஆனார். கலிஃபோர்னியாவின் பட்டியல் புற்றுநோய், பசியின்மை, எய்ட்ஸ், நாட்பட்ட வலி, தசை இறுக்கம், குளுக்கோமா, மூட்டுவாதம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ‘கஞ்சா நிவாரணம் தரும் வேறு எந்த நோயும்’ என்று கதவை அகலத் திறந்து வைத்தது. அதற்குப் பின் வந்த மாநிலங்கள் அந்தக் கதவைக் கண்டு அஞ்சியே, நோய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கின.

குமட்டலுக்கும் பசியின்மைக்கும் உள்ள ஆதாரம் உறுதியானது. கஞ்சாவின் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்து, டிரோனாபினால் என்ற பெயரில், புற்றுநோய்க்கான கீமோதெரபி உண்டாக்கும் வாந்திக்கு மருந்தாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1985இலேயே அனுமதித்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கு 1992இல் அனுமதி கிடைத்தது. நாபிலோன் என்பது இதற்கு நெருங்கிய மற்றொரு செயற்கை மருந்து. ஆயினும் 1990களின் தொடக்கத்தில் ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் வந்தபின், இவை இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டன. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை, எய்ட்ஸில் உடல் கரைந்துபோகும் அவலத்தையே பெரிதும் குறைத்துவிட்டது.

அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் 2017 ஜனவரியில் வெளியிட்ட பெரும் அறிக்கை, இந்தத் துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆவணம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்த நிபுணர் குழு, உறுதியான அல்லது கணிசமான ஆதாரம் இருப்பதாக மூன்று மருத்துவப் பயன்களைத்தான் சொன்னது: கீமோதெரபியால் வரும் குமட்டல், பெரியவர்களின் நாட்பட்ட வலி, மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ் நோயாளிகள் தாமே உணர்ந்து சொல்லும் தசை இறுக்கம். மற்றவற்றுக்கு ஆதாரம் மிதமானது, குறைவானது, அல்லது போதாது என்று வகைப்படுத்தியது.

‘தாமே உணர்ந்து சொல்லும்’ என்ற சொற்கள் அங்கே காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிலீரோசிஸில் நரம்புகளின் உறை சிதைந்து, கால் தசைகள் விறைத்து, இரவில் இழுத்துப் பிடிக்கும். பிரிட்டனில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2003இல் வெளியான பெரிய ஆய்வில், மருத்துவர் காலை மடக்கி நீட்டி விறைப்பை அளந்து பார்த்தபோது கஞ்சா மருந்துக்கும், ஒப்பீட்டுக்காகத் தரும் மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. நோயாளிகளைக் கேட்டபோதோ, வலியும் இறுக்கமும் குறைந்ததாகக் கஞ்சா மருந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். கருவியில் தெரியாத நிவாரணத்தை நிவாரணமாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதே என் எண்ணம். வலியையும் இறுக்கத்தையும் அனுபவிப்பவர் நோயாளிதான். ஆனால், டிஎச்சி தரும் மயக்கத்தால் தாம் எடுத்தது வெற்று மருந்தா உண்மை மருந்தா என்பதை நோயாளி ஊகித்துவிடுகிறார். எதிர்பார்ப்பு பதிலில் கலந்துவிடுகிறது. டிஎச்சியும், கஞ்சாவின் மற்றொரு வேதிப்பொருளான போதை தராத சிபிடியும் ஏறக்குறையச் சம அளவில் கலந்த சாட்டிவெக்ஸ் என்ற வாய்த் தெளிப்பு மருந்து 2010இல் பிரிட்டனில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. அங்கேயும் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்தவருக்கு மட்டும் தொடருமாறு வழிகாட்டுகிறார்கள்.

அட்டை வைத்திருப்பவர்களை எண்ணினால், இந்தப் பட்டியலின் உண்மையான மையம் நாட்பட்ட வலிதான். மாநிலப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2016இல் நோயாளிகள் குறிப்பிட்ட காரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாட்பட்ட வலியே. இந்த இடத்தில் நிபுணர்களே பிளவுபட்டு நிற்கிறார்கள். 2017 அறிக்கை கணிசமான ஆதாரம் இருக்கிறது என்றது. வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமோ, வலிக்குக் கஞ்சாவை ஆதரிக்கும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்று 2021இல் அறிவித்தது. அதே ஆண்டு ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான, 32 ஆய்வுகளின் தொகுப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: வெற்று மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், உணரத்தக்க அளவு வலி குறைந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் கூடுதல். இது சிறிய பலன். வேறு எதுவும் கைகொடுக்காத நரம்பு வலிக்காரர் ஒருவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருந்தால், அவருக்கு அது சிறியதாகத் தெரியாது. ஆனால், எல்லா வலிக்கும் இது மருந்து என்று விற்பவரின் பேச்சுக்கு இந்த எண் இடம் தருவதில்லை.

வலியோடு ஒட்டி வந்தது அபினி வகை மாத்திரைகளின் பிரச்சினை. அமெரிக்காவில் அம்மாத்திரைகளால் மரணங்கள் பெருகியபோது, கஞ்சா அதற்கு மாற்றாகும் என்ற நம்பிக்கை எழுந்தது. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் இத்தகைய மரணங்கள் சுமார் 25 விழுக்காடு குறைவு என்று 1999 முதல் 2010 வரையிலான புள்ளிவிவரங்களை வைத்து 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. சட்டமன்றங்கள் அதை மேற்கோள் காட்டின. பென்சில்வேனியா 2018இல் அபினி அடிமைத்தனத்தையே தன் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள், அதே கணக்கு முறையை 2017 வரை நீட்டிப் பார்த்தார்கள். முடிவு தலைகீழானது: அத்தகைய மாநிலங்களில் மரணங்கள் சுமார் 23 விழுக்காடு அதிகம். கஞ்சா மரணத்தைக் கூட்டியது என்பது இதன் பொருளாகாது; மாநில அளவிலான புள்ளிவிவரங்களை வைத்துத் தனிமனிதர் எதனால் பிழைத்தார், எதனால் இறந்தார் என்று சொல்ல முடியாது என்பதையே அது காட்டுகிறது. முதல் ஆய்வை நம்பிச் சேர்த்த பெயரோ பட்டியலில் நிலைத்துவிட்டது.

ஆதாரத்தில் இதற்கு நேர்மாறான நிலை குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்களில் இருக்கிறது. கொலராடோவைச் சேர்ந்த ஷார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு டிரவே நோய்க்குறி என்ற பிறவி வலிப்பு நோய். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கி, வாரத்துக்கு ஏறத்தாழ 300 முறை வரை வலிப்பு வந்தது. சிபிடி மிகுந்து டிஎச்சி மிகக் குறைந்த எண்ணெய் அவளுக்கு அளித்த மாற்றத்தை, 2013இல் சிஎன்என் தொலைக்காட்சியில் மருத்துவர் சஞ்சய் குப்தாவின் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் கொலராடோவுக்கு இடம்பெயர்ந்தன. கஞ்சா என்ற சொல்லையே ஏற்காத தென் மாநிலங்கள்கூட, 2014இலிருந்து அடுத்தடுத்து, வலிப்புக்கு மட்டும் சிபிடி எண்ணெயை அனுமதிக்கும் சட்டங்களை இயற்றின.

ஒரு குழந்தையின் கதை ஆதாரமாகாது. இந்த முறை கதையைத் தொடர்ந்து முறையான ஆய்வும் வந்தது. டிரவே நோயுள்ள 120 குழந்தைகளையும் இளைஞர்களையும் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. சிபிடி எடுத்த பிரிவில் மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது; வெற்று மருந்து எடுத்த பிரிவில் 14.9 என்பது 14.1 ஆனது. இதன் பேரில் எபிடியோலெக்ஸ் என்ற தூய சிபிடி மருந்தை, டிரவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய இரு வலிப்பு நோய்க்குறிகளுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அனுமதித்தது. 2020இல், வலிப்பை உண்டாக்கும் டியூபரஸ் ஸ்கிலீரோசிஸ் என்ற மூன்றாவது நோயும் சேர்ந்தது. கஞ்சாச் செடியிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுக்கப்பட்டு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான்.

இந்த மருந்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். நல்லெண்ணெயில் கரைத்து ஸ்ட்ராபெரி மணம் சேர்த்த திரவம். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் சிபிடி. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வாரம் வேளைக்கு 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை. பொறுத்துக்கொண்டால் படிப்படியாகக் கூட்டி, டிரவே நோய்க்கு அதிகபட்சம் வேளைக்கு 200 மில்லிகிராம். தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, இடையிடையே மறுபரிசோதனை. வால்ப்ரோயேட் என்ற வேறொரு வலிப்பு மருந்தும் எடுக்கும் குழந்தைக்குக் கல்லீரல் நொதிகள் உயரக் கூடும். குளோபாசாம் என்ற வலிப்பு மருந்தும் எடுக்கும் குழந்தைக்கு அந்த மருந்தின் தாக்கம் கூடித் தூக்கக் கலக்கம் மிகும். இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்றும் அதே 2017இல் வந்தது. அவற்றில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனவை 26 மட்டுமே. பதினெட்டில் டிஎச்சியும் இருந்தது. வலிப்புள்ள குழந்தைக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ‘சிபிடி வலிப்புக்கு நல்லது’ என்ற வாசகம் உண்மையாவது குறிப்பிட்ட நோய்களில், குறிப்பிட்ட அளவில், மருத்துவரின் கண்காணிப்பில்.

மன அதிர்ச்சி நோயின் நிலை இன்னும் குழப்பமானது. நியூ மெக்சிகோ 2009இல் அதைப் பட்டியலில் சேர்த்தது; முன்னாள் படைவீரர்களின் குரல் வலுவாக இருந்ததால் பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அவர்களின் துன்பமும், உறக்கம் கிடைக்கிறது என்ற அவர்களின் வாக்குமூலமும் பொய்யல்ல. ஆனால், 80 முன்னாள் வீரர்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், மூன்று வகைக் கஞ்சாவில் எதுவும் வெற்றுக் கஞ்சாவைவிட மேலான பலனைக் காட்டவில்லை; எல்லாப் பிரிவினருக்கும் ஓரளவு குணம் தெரிந்தது. பதற்ற நோயைப் பென்சில்வேனியா 2019இல் சேர்த்தபோது எனக்கு இன்னும் கவலை கூடியது. சிறு அளவில் அமைதி தரும் டிஎச்சி, அளவு கூடும்போது பதற்றத்தையே உண்டாக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. பார்க்கின்சன், அல்சைமர், கிரோன், தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் போன்றவற்றுக்குச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. நோயின் போக்கைக் கஞ்சா மாற்றுவதாக எதுவும் நிறுவவில்லை.

பட்டியல்கள் சொல்லாமல் விடும் மறுபக்கமும் உண்டு. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் அந்த நோய் இருப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதின்பருவத்தினர், இதய நோயாளிகள் ஆகியோர் டிஎச்சி உள்ள எதையும் தவிர்க்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கஞ்சா அந்த மருந்தின் செயலைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். நெடுங்காலம் மிகுதியாகப் பயன்படுத்துபவர்களில் சிலருக்கு, எதைத் தின்றாலும் நிற்காத வாந்தி நோய் ஒன்று வருகிறது, நிறுத்தினால்தான் நிற்கும்.

இந்தப் பட்டியல் முறையைச் சில இடங்கள் கைவிட்டு வருகின்றன. ஓக்லஹோமா 2018இல் பட்டியலே இல்லாத சட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்றது. நியூயார்க் 2022இல் தன் பட்டியலை எடுத்துவிட்டு மருத்துவரின் முடிவுக்கே விட்டது. பிரிட்டன் 2018 நவம்பரில் கஞ்சா மருந்துகளை அனுமதித்தபோதே பட்டியல் எழுதவில்லை. சிறப்பு மருத்துவர் மட்டுமே தொடங்கி வைக்க வேண்டும் என்றது. ஜெர்மனி 2017இல் கடும் நோயாளிகளுக்கு மருந்துச்சீட்டில் எழுதவும், காப்பீட்டில் செலவைப் பெறவும் வழிசெய்தது. ஓக்லஹோமாவையும் பிரிட்டனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னதில் மருத்துவர் பரிந்துரைத்தால் எந்த நோய்க்கும் அட்டை பெற்றுவிடலாம். பின்னதில் சட்டம் திறந்திருந்தும் தேசிய சுகாதாரச் சேவையின் மருந்துச்சீட்டு மிகச் சிலருக்கே கிடைக்க, மற்றவர்கள் தனியார் மருத்துவகங்களில் பணம் கட்டுகிறார்கள். என் பார்வையில், நோயின் பெயரைவிட மருந்தின் அளவையும் கண்காணிப்பையும் முதன்மைப்படுத்தும் முறையே நோயாளிக்குப் பாதுகாப்பானது.

கஞ்சாவை மருந்தாகக் கொள்ளும் இந்தப் பேச்சு மேலை நாடுகளுக்குப் போனதே இந்தியாவிலிருந்துதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானசி என்ற அயர்லாந்து மருத்துவர், உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, வாதம், டெட்டனஸ், வெறிநாய்க்கடி முதலியவற்றில் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்து 1839இல் எழுதினார்; வலிப்பு வந்த நாற்பது நாள் குழந்தை ஒன்றும் அவர் குறிப்பில் இருக்கிறது. இன்றைய இந்தியாவிலோ நோய்ப் பட்டியலும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. தனியே எடுத்த இலையும் விதையும் அதன் வரையறைக்குள் வருவதில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ பெற்ற அட்டை, அங்கே முறையாக வாங்கிய எண்ணெய் என்பதெல்லாம் இங்கே செல்லாது. வெளிநாட்டில் வாழ்பவர் பெற்றோரைப் பார்க்கச் சென்னைக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது போதைப்பொருள் இறக்குமதியாகவே கொள்ளப்படலாம். ஆகவே, பயணத்துக்கு முன்பே தம் மருத்துவரிடம் பேசி, இந்தியாவில் கிடைக்கும் மாற்று மருந்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. வலிப்புக்காக எடுப்பவர்கள் மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மிகக் கூடும் என்பதால், அளவைக் குறைப்பதையும் மருத்துவர் சொல்லும் முறைப்படியே செய்ய வேண்டும்.